மேட்டுக் குடிசைப் புகை

புருஷன் ஆண்டிச்சாமி செத்த ஒன்பதாம் நாள் காலையில் அன்னக்கொடிக்கு அந்த வாடை தட்டியது. ஈரச் சாக்கை மடித்து மூலையில் போட்டு வைத்தால் நாலு நாளில் ஒரு வாடை கிளம்புமே, அது. முதலில் தன் சேலைதான் என்று நினைத்து முந்தானையை மோந்து பார்த்தாள். அப்புறம் படுத்திருந்த கம்பளியை மோந்தாள். இரண்டும் இல்லை.

வெளியே ஐப்பசி மழை. அறுபத்தொன்றாம் வருஷத்து மழையைக் கவுஞ்சியில் இன்றைக்கும் சொல்லித் திட்டுகிறவர்கள் உண்டு. எங்கள் மலையில் மழை விருந்தாளி மாதிரி வராது, பங்காளி மாதிரி வரும். வந்தால் எதையாவது பிரித்து எடுத்துக்கொண்டுதான் போகும். அந்த வருஷம் ஆண்டிச்சாமியை எடுத்துக்கொண்டது. சரிந்த வரப்புச் சுவரைக் கட்டுகிறேன் என்று இரண்டு நாள் நனைந்தார், மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டியது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக டோலி கட்டி முடிப்பதற்குள் ஆள் போய்விட்டார்.

சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடிகிற வரை அடுப்பு எரியக் கூடாது. பதினாறு நாள். பங்காளிகள் முறை வைத்துச் சோறு கொண்டு வருவார்கள். தாலி அறுத்தவள் வாசற்படி தாண்டக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் கீழ்நாட்டு வெயிலில் உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும். ஐப்பசிக் குளிரில் அடுப்பில்லாத வீட்டில் ஒரு பொழுது கிடந்திருந்தால் பதினாறை மூன்றாகக் குறைத்திருப்பார்.

அன்னக்கொடிக்குக் குளிர் பெரிதாகத் தெரியவில்லை. வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாததுதான் அவளை அரித்தது. ஒரே மகள் விசாலாட்சி கிளாவரையில் வாக்கப்பட்டிருந்தாள். பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகாத உடம்பு, அப்பன் முகத்தைப் பார்க்க வர முடியவில்லை. மருமகன் மட்டும் வந்து, கருமாதி முடிந்ததும் அத்தையை அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் சொன்னதைக் கேட்டபோது தன்னையும் யாரோ பாடையில் தூக்குகிற மாதிரி அவளுக்கு இருந்தது.

வாடை எங்கேயிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போனவள் அடுப்படியில் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

அடுப்புக்கு மேலே, மூங்கில் கம்புகளில், விதைப் பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்கியது.

மலைப் பூண்டுக்குப் புகைதான் தாய்ப்பால். அறுவடையில் விதைக்கென்று எடுத்து வைத்த பூண்டைத் தாளோடு கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, நடுகிற நாள் வரைக்கும் தினமும் புகை காட்ட வேண்டும். புகை படிந்து தோல் கறுத்த பூண்டுதான் ஈரத்துக்கும் பூச்சிக்கும் அசையாது. பிணத்தைத் தூக்கின கையோடு, ஆண்டிச்சாமியின் தம்பி பெண்சாதி கந்தம்மாள் ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். அது முறை. அன்னக்கொடியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மாரடித்து அழுகிற நேரத்தில் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று யாருக்குத் தோன்றும்?

உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறி ஒரு கட்டைத் தொட்டாள். தோல் நொசநொசத்தது. உள்ளே ஒரு பல்லில் நீலப் பூசணம் பூத்திருந்தது. இன்னொன்றில் முளை எட்டிப் பார்த்தது.

"ஐயோ, என்னங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். பதில் சொல்ல ஆள் இல்லை என்பது சொன்ன பிறகுதான் நினைவு வந்தது.

அது இருபது வருஷத்து விதை. மற்றவர்கள் பெரிய பூண்டைப் பார்த்து விதைக்கு எடுப்பார்கள், இல்லாவிட்டால் பெரிதையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டுச் சொத்தையை வைத்துக்கொள்வார்கள். ஆண்டிச்சாமிக்கு இரண்டும் கிடையாது. அறுவடை முடிந்த அன்று ஊரே கை கால் கழுவப் போனாலும் அவர் மட்டும் குவியலுக்கு முன்னால் குந்திக்கொண்டு ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். "பெரிசப் பாக்காத புள்ள. தோலு இறுக்கமா இருக்கா, பாரு. மழையத் தாங்குறது தோலுதான்" என்பார். அவர் வாழ்நாளில் அன்னக்கொடியிடம் சேர்ந்தாற்போலப் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அவர் விதையை ஆசையாக வாங்கிப் போனவர்களும் உண்டு. ஆனால் புகை காட்டச் சோம்பி, கண்டதோடு கலந்து, மூன்றாம் வருஷம் பழையபடி அழுகலுக்கு வந்து நிற்பார்கள். சுத்தமான விதை இந்த ஒரு அடுப்புக்கு மேலேதான் இருந்தது.

கருமாதிக்கு இன்னும் ஏழு நாள். அதற்குள் இது கூழாகிவிடும். கார்த்திகை பிறந்ததும் நட விதை இல்லாவிட்டால் காடு தரிசாகக் கிடக்கும். தரிசைக் காட்டி மருமகன் கூப்பிட்டால், மாட்டேன் என்று சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இருக்காது. அவர் கல் சுமந்து சரிவில் படிப்படியாகக் கட்டிய எட்டு வரப்பையும் விட்டுவிட்டு, கிளாவரையில் பேரப்பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பேரன்மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஆண்டிச்சாமி இருந்த இடத்தில்தான் அவளுக்கு இருக்கத் தெரியும்.

கந்தம்மாள் கஞ்சி கொண்டு வந்தாள். வாசற்படியில் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தவளை அன்னக்கொடி நிறுத்தினாள்.

"கந்தம்மா, வெதைப் பூண்டு பூசணம் பூக்குது. ஒங்க அடுப்புக்கு மேல கொண்டு போயித் தொங்கவிடு தாயி. ஏழே நாளு."

கந்தம்மாள் முகம் சுருங்கியது. "ஏன்க்கா, தீட்டு வீட்டு வெதையப் போயி… எங்க வெதையும் அங்கதான தொங்குது? ரெண்டும் சேந்து கெட்டுப் போச்சுன்னா ஒங்க கொழுந்தன் என்னைய வெட்டிப் போட்ருவாரு."

"அப்ப நானே இங்க கொஞ்சூண்டு புகை போட்டுக்கிடுறேன். சோறாக்கல. வெறும் புகைதான்."

"அக்கா! வெளையாடுறீங்களா? கருமாதிக்கு முன்னால இந்தக் கூரையில புகை வந்துச்சுன்னா ஊரு என்ன பேசும்? புருசன் செத்த ஒம்பதாம் நாளே வாய்க்கு ருசியாப் பொங்கித் திங்கிறான்னு பேசாதா? ஊரு வாய மூட ஒலமூடி ஏதுக்கா? பெறகு கருமாதிக்கு ஒரு பய வரமாட்டான்."

அவள் சொன்னது பொய்யில்லை. கொண்டவன் பலம் இருந்தால் கூரை ஏறிச் சண்டை போடலாம் என்பார்கள். அந்தப் பலத்தை ஒன்பது நாளைக்கு முன்னால் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்தாயிற்று. ஆண் பிள்ளை இல்லாத வீடு என்று கொள்ளி வைத்ததும் கந்தம்மாள் புருஷன் ராமர்தான், கருமாதி செய்ய வேண்டியதும் அவன்தான். அவனைப் பகைக்க முடியாது.

கஞ்சியில் ஆடை படிந்து ஆறிப் போயிருந்தது. அன்னக்கொடி அதைத் தொடவில்லை. அவரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊரில் அவருக்குப் பெண்டாட்டிதாசன் என்று பட்டப்பெயர். பழனிச் சந்தைக்குச் சுமை இறக்கப் போனால் மற்ற ஆம்பிளைகள் ஒரு நாள் தங்கி, கோயில் பார்த்து, சினிமாவும் பார்த்துவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். இவர் சுமையை இறக்கின கையோடு தெருவில் நின்று கோயில் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். கேட்டால், "முருகன் எங்க போயிரப் போறாரு? அவரும் மலையிலதான இருக்காரு" என்பார். வீட்டைத் தவிர அவர் தலை சாய்த்த இடம் மேட்டுக் குடிசை ஒன்றுதான். கிழங்கு விளைகிற மாதங்களில் காட்டுப்பன்றிக்குக் காவலாக அங்கே படுத்துக்கொள்வார்.

அந்தக் குடிசையும் ஊருக்கு ஒரு சிரிப்பு. காவல் குடிசை என்றால் வாசல் வெள்ளாமையைப் பார்த்து இருக்க வேண்டும். ஆண்டிச்சாமி கட்டின குடிசைக்கு வாசல் ஊர்ப் பக்கம், காடு முழுக்க முதுகுப் பக்கம். "அண்ணன் பன்னிக்கு முதுகக் காட்டிக்கிட்டுக் காவல் காக்காரு" என்று ராமர் சொல்லாத இடம் கிடையாது. "பன்னி வந்தா சத்தம் கேக்கும்லே, கண்ணு எதுக்கு? மேக்கத்திக் காத்து கொல்லுது, அதான் திருப்பிக் கட்டுனேன்" என்பார் அவர். கூறு கெட்ட மனுசன் என்று அன்னக்கொடியும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

சிரிப்பாளே ஒழிய, விடிகிற நேரத்தில் முற்றத்துக்கு வந்து அந்த மேட்டை அண்ணாந்து பார்க்காமல் இருக்க மாட்டாள். குடிசையிலிருந்து புகை கிளம்பினால் மனுசன் நல்லபடியாக எழுந்துவிட்டார் என்று அர்த்தம். காட்டுமாடு முட்டவில்லை, பாம்பு கடிக்கவில்லை. புகையைப் பார்த்த பிறகுதான் உள்ளே போய் உலை வைப்பாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். இதை ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லுகிற சங்கதியா அது?

புகை என்று நினைத்ததும் அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. அடுப்பு எரியக் கூடாது என்பது சாவு வீட்டுக்குத்தான். மேட்டுக் குடிசையில் யாரும் சாகவில்லை. அங்கேயும் ஒரு அடுப்பு இருக்கிறது. வாசற்படியைத் தாண்டுகிற ஒரு குற்றம்தான் மிச்சம். அது தன் தலையில் விழட்டும்.

மறுநாள் வெள்ளனே, கோழி கூப்பிட்டதும், கட்டுகளை எல்லாம் இறக்கிக் கூடையில் அடுக்கினாள். அழுகினதைத் தனியே பிரித்துப் போட்டாள். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டு, அதன்மேல் கூடையை வைத்தாள். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு தாண்டினாள். இடி ஒன்றும் விழவில்லை. மழைதான் தூறிக்கொண்டிருந்தது.

எட்டு வரப்பையும் ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. குடிசைக்குள் குனிந்து நுழைந்ததும் அவர் வாசனை அடித்தது. பழைய கம்பளி, புகையிலை, மண். மூலையில் சுள்ளி அடுக்கியிருந்தது, ஒரு சொட்டு ஈரம் படாமல். கூரையில் செருகியிருந்த பவுடர் டப்பா விசாலாட்சி சின்னப் பிள்ளையில் வைத்திருந்தது. திறந்தால் உள்ளே தீப்பெட்டி. அவர் திரும்பி வந்து பற்ற வைக்கப் போகிறவர் மாதிரி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கூரைக் கம்பில் கட்டுகளைத் தொங்கவிட்டாள். மூன்று கல் அடுப்பில் சுள்ளியை வைத்துப் பற்ற வைத்தாள். பத்து நாள் கழித்து நெருப்பைப் பார்க்கிறாள். கையைக் காட்டிக்கொண்டு, அடுப்போரம் அவர் உட்காருகிற கல்லில் உட்கார்ந்தாள். தேய்ந்து தேய்ந்து மழமழவென்று ஆன கல்.

உட்கார்ந்து நிமிர்ந்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

வாசலுக்கு நேரே, கீழே, அவள் வீட்டுக் கூரை. வேறு ஒன்றும் தெரியவில்லை. கிழங்குக் காடு தெரியவில்லை, பூண்டுக் காடு தெரியவில்லை, ஊரில் இன்னொரு வீடு தெரியவில்லை. அதை மறைத்திருக்க வேண்டிய இடத்தில், குடிசை வாசலில் தொங்கும் கூரைப் புல்லை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எடுத்திருந்தது. அந்தக் கல்லில் உட்கார்ந்தால் அந்தச் சந்து வழியாக அவள் அடுப்படிக்கு மேலே புகை வருகிற இடம் கண்ணுக்கு நேராக நிற்கும். எழுந்து நின்று பார்த்தாள், தெரியவில்லை. தள்ளி உட்கார்ந்து பார்த்தாள், தெரியவில்லை. கல்லில் உட்கார்ந்தால் மட்டும் தெரிந்தது.

காற்றுக்காகவாம். மேக்கத்திக் காற்றுக்காக!

எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒன்று அவள் மண்டையில் அடித்த மாதிரி நினைவுக்கு வந்தது. பூண்டு அறுவடை நேரம், அவர் மேட்டுக் குடிசையில் படுத்திருந்தார். அவளுக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் காய்ச்சல் கண்டு, விடிந்தும் எழுந்திருக்க முடியவில்லை. விசாலாட்சி அப்போது கிளாவரைக்குப் போய்விட்டாள். கூப்பிட நாதியில்லாமல் கிடந்தவள் கண்ணைத் திறந்தால் ஆண்டிச்சாமி மூச்சு இரைக்க இரைக்க வாசலில் நிற்கிறார். "யாருங்க சொன்னா?" என்று கேட்டாள். "யாரு சொல்லணும்? போயிலை தீந்து போச்சு, எடுக்க வந்தேன்" என்றார். பதினோரு நாள் காட்டுப் பக்கமே போகாமல், அவளுக்குக் கஞ்சி காய்ச்சி, தலை துடைத்துவிட்டுக் கிடந்தார். மண்ணுக்குள் கிடந்த பூண்டு பல் பல்லாக விரிந்து பாழாகிப் போனது. பெண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்ததற்கு வெள்ளாமையை விட்டவன் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருந்தார். புகையிலை மடியிலேயே இருந்ததை அவள் அன்றைக்கே பார்த்தாள். மனுசனுக்கு மறதி என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்கு அவள் கூரையில் புகை வரவில்லை. அதுதான் சேதி.

இவர் புகையை அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவள் புகையை இவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இருபத்தெட்டு வருஷம்.

"ஏங்க, சொல்லித் தொலைச்சாத்தான் என்ன?" என்று அவள் கத்தினாள். கோபம்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகு அழுகை வந்தது. ஒப்பாரி வைத்தபோது வராத அழுகை, பாட்டும் ராகமும் இல்லாமல் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சந்து வழியாகப் பார்த்தாள். கீழே அவள் வீட்டுக் கூரை ஈரமாக, வெறுமையாகக் கிடந்தது. அதிலிருந்து புகை வராது. அதைக் கிளப்பவேண்டியவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

யாரோ வரப்பில் ஓடி வருகிற சத்தம் கேட்டது. ராமர். தலையில் ஒன்றும் போடாமல் நனைந்துகொண்டே வந்தவன், வாசலில் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"மதினி, நீங்களா?" என்றான். அவனுக்கு வாய் குழறியது. "காலையில எந்திரிச்சு மேக்க பாத்தேன். புகை வந்துச்சு. தெனமும் பாக்குறதுதான… ஒரு நிமிசம் அண்ணந்தான்னு…"

தலையைக் குனிந்துகொண்டான். பிறகுதான் அவனுக்குக் கோபம் நினைவு வந்தது. "என்ன காரியம் மதினி செஞ்சீங்க? படி தாண்டி வந்து காட்டுல அடுப்புப் பத்த வச்சிருக்கீங்க. ஊருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அந்த வெதையப் பாரு தம்பி" என்றாள் அன்னக்கொடி. "வீட்டு அடுப்பத் தொடல. ஒங்கண்ணனுக்கு நான் பதினாறு நாளு மூலையில உக்காந்து என்ன ஆகப்போகுது? இது அழுகிப் போச்சுன்னா அவரு இருந்ததுக்கு இந்தக் காட்டுல என்ன கெடக்கு, சொல்லு."

ராமர் அண்ணாந்து கட்டுகளைப் பார்த்தான். ஒன்றைக் கையில் பிடித்து அமுக்கினான், அண்ணன் அமுக்குகிற மாதிரியே. வெளியே போனான். போய்விட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். ஒரு கை ஈர விறகோடு திரும்பி வந்தான்.

"வெறும் சுள்ளிய எரிச்சா சூடுதான் மதினி வரும். ஈர வெறகு வைங்க, இந்தப் புகை பத்தாது" என்று சொல்லிக்கொண்டே அடுப்பில் செருகினான்.

நடுகிற நாள் வரைக்கும் பகலில் அவளும் பொழுது அடைந்தால் ராமரும் மாறி மாறிப் புகை போட்டார்கள். கருமாதிப் பந்தியில் மூன்று வீட்டார் இலையில் உட்காராமல் போனார்கள். கந்தம்மாள் பத்து நாள் பேசவில்லை, பிறகு பேசினாள். விதையில் முக்கால்வாசி தேறியது. கார்த்திகை இரண்டாம் தேதி அன்னக்கொடியும் ராமரும் பூண்டு நட்டார்கள். அழைத்துப் போக வந்த மருமகனும் ஒரு பாத்தி நட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் நட்டு முடித்து, வீட்டு அடுப்பை மறுபடி மூட்டிய முதல் நாள், பழக்க தோஷத்தில் முற்றத்துக்கு வந்து மேட்டை அண்ணாந்து பார்த்தாள். குடிசை பேசாமல் இருந்தது. மறுநாளும் பார்த்தாள். கழுத்துக்குப் புத்தி சொன்னால் கேட்கிறதா? பார்க்காமல் உலை வைக்கக் கை வரவில்லை. உச்சிப் பொழுது வரைக்கும் பட்டினியாகவே கிடந்தாள்.

மூன்றாம் நாள் விடியுமுன்னே மேட்டுக்கு ஏறி, குடிசை அடுப்பில் சுள்ளியைப் பற்ற வைத்துவிட்டு வெரசா இறங்கி வந்தாள். முற்றத்துக்கு வந்து திரும்பிப் பார்ப்பதற்குள் நெருப்பு அவிந்து போயிருந்தது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்று அன்றைக்கு அவளுக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததும் நெஞ்சு வெறிச்சென்று ஆகிவிட்டது.

அதற்கடுத்த நாள் ராமர் சொன்னது ஞாபகம் வந்து, சுள்ளிக்கு மேலே ஒரு கனத்த ஈரக் கட்டையை வைத்துவிட்டு வந்தாள். கார்த்திகைப் பனி, எட்டு வரப்பிலும் பூண்டு முளை அப்போதுதான் தலை நீட்டியிருந்தது. மிதிக்காமல் ஓரமாக இறங்கினாள். முற்றத்தில் நின்று, உடனே திரும்பாமல், சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, மூச்சு அடங்கின பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

மேட்டுக் குடிசையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

தான் மூட்டிவிட்டு வந்த நெருப்பு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் உலை வைத்தாள்.